போட்டிக் கம்பெனியின் கார்

"இன்னும் நாலு அங்குலம் குறைய்யா," என்று புகைப்படத்தை மேஜைமேல் போட்டார் ஹார்லன்.

லெஸ்டர் அளவுகோலைக் கீழே வைத்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு கார் கம்பெனியில் 1961-இல் அவன் வடிவமைப்பாளன்; ஹார்லன் அவனுடைய மேலதிகாரி. பெரிய காராகத் தொடங்கிய முழு அளவுக் களிமண் மாதிரியை ஏற்கெனவே இரண்டு தடவை சுருக்கியாகிவிட்டது.

"போன மாசம்தானே சார் நாலு அங்குலம் வெட்டினோம்?"

"போட்டிக் கம்பெனிக்காரனும் வெட்டிட்டானே! நம்ம ஆள் அவங்க மதில் ஏறி எடுத்த படம் இது. அளந்து பார்த்தேன், அச்சு அசலா நம்ம அளவு. நம்ம கார் அவங்களதைவிடச் சின்னதா இருக்க வேண்டாமா?"

"ஒவ்வொரு தடவையும் நம்ம அளவு அவங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அதான் எனக்கும் புரியலை. உன் ஆளுங்கள்ல எவனோ உளறுறான்."

மூன்றாம் முறையும் வெட்டினார்கள். களிமண் செதுக்குகிற ஒவ்வொருவரையும் லெஸ்டர் சந்தேகத்தோடு பார்த்தான். வீட்டில் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. வெளிச்சத்தில் பார்ப்பதற்காக மாதிரியைக் கம்பெனியின் பின்முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டுபோன நாளில், பார்த்து முடித்ததும் தன் கையாலேயே தார்ப்பாய் போட்டு மூடினான்.

அடுத்த வாரமே புதுப் படம் வந்தது. மறுபடியும் அதே அளவு. தார்ப்பாய் போர்த்திய காரின் பக்கத்தில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். அவன் கோட்டின் முழங்கைகளில் ஒட்டுத்துணி. ஒன்று வட்டம், ஒன்று சதுரம்.

லெஸ்டர் மெல்லத் திரும்பித் தன் முழங்கைகளைக் காட்டினான். "சார், இது நான்தான். உங்க ஆள் ஏறினது நம்ம மதில்."

ஹார்லன் எழுந்துபோய்க் களிமண் மாதிரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மொத்தம் எவ்வளவு வெட்டினோம்?"

"பன்னிரண்டு அங்குலம். திரும்ப ஒட்டிடவா சார்?"

"வேண்டாம்யா. இப்பத்தான் இது கார் மாதிரி இருக்கு."