அழகம்மா வூட்டு எண்ணெய்க் கறை

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய்யா இருந்தா நான் இதுவரைக்கும் அடிச்ச பெயின்டெல்லாம் இன்னைக்கே உரிஞ்சி கொட்டட்டும். கெலிஓயாவுல கஜேந்திரன் செவர ஒழுங்கா கழுவாம அடிச்சி மாட்டிக்கிட்டான்னு இந்தத் தேத்தண்ணிக் கடையில ஒக்காந்து பேசிக்கிறீங்களே, அந்தக் கஜேந்திரனே சொல்றேன். கேளுங்க.

அழகம்மா வூட்டு வேல. ஹோல் செவத்துல, அலுமாரிக்குப் பக்கத்துல, சோசர் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை.

"யாரு வேலம்மா இது?"

"வேற யாரு, என் மருமக மகாராணிதான். தலையில அரப்போத்தல் எண்ணெய ஊத்திக்கிட்டு, செவத்துல சாஞ்சிதான் ஃபோன நோண்டுவா."

மருமக கிருஷாந்தி அடுப்படியில நின்னுச்சி. காதுல விழுந்துச்சி.

எனக்கு அப்பவே டவுட்டு. அந்தப் புள்ள வாசல் நெலையில தல தட்டுற ஒயரம். கறை இருந்தது என் நெஞ்சுக்கு நேரா. முட்டி போட்டா சாஞ்சிருக்கும்? சரி, நமக்கென்ன.

எண்ணெய் செவத்துல சும்மா அடிச்சா பெயின்ட் நிக்காது. கறை மறுபடி எட்டிப் பாக்கும். சவர்க்காரத்தூள் போட்ட சுடுதண்ணியில மூணு தடவ தேச்சேன். நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனேன். மழ நாளு, ரெண்டு நாளு காய விட்டேன். ஃபில்லர் ஒரு கை, அது காஞ்சதும் சாயந்தரமா எளம்பச்ச ஒரு கை. என் மூஞ்சியக்கூட நான் அப்பிடி கழுவுனதில்ல.

மறுநாளு காலையில போறேன், வாசல்லயே பூச.

"தம்பி, இதுதான் நீங்க கழுவுன லட்சணமா?"

அதே எடம். அதே கறை.

பக்கத்து வூட்டு நஸீம் நானா வேற வந்து நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. அடுத்த கெழம அவரு வூட்டு மேல்மாடி முழுக்க நான்தான் அடிக்கிறதா பேச்சு.

"என்னா தம்பி, ஒரு நாளுகூட தாங்கல்லயே," ன்னாரு.

கிட்ட போயி மோந்து பாத்தேன். தேங்காயெண்ண வாசம், புத்தம் புதுசு. மழைக்கு காயாத பெயின்ட்ல ரெண்டு நரமுடி ஒட்டிக்கிட்டிருக்கு. திரும்பி அழகம்மாவப் பாத்தேன். வலது காது மடல் முழுக்க எளம்பச்ச.

செவத்துக்கு அந்தப் பக்கம் மகன் திலீபனும் மருமகளும் இருக்கிற ரூம். ஒத்தக்கல்லு செவரு. காத ஒட்டி வச்சா அங்க மூச்சு விடுறதும் இங்க கேக்கும்.

விடுவேனா? "அம்மா, இந்தக் கறை உள்ளுக்கு இருந்து வரல..." ன்னு ஆரம்பிச்சேன்.

"அண்ணே," கிருஷாந்தி அடுப்படியில இருந்து கூப்புட்டுச்சி. "தேத்தண்ணி ஆறுது. மொதல்ல வாங்க."

போனேன். கொரல கொறச்சிக்கிட்டு, "சொல்லிராதீங்கண்ணே. எனக்கு மூணு வருசமா தெரியும்," ன்னுச்சி.

"நல்லாருக்கே. அது ஒட்டுக் கேக்கும், பழிய நீ சொமப்பியா?"

"நேருக்கு நேரா நின்னா எங்க ரெண்டு பேருக்கும் சண்டதான். அதுனால எங்க வூட்டுக்காரரு வேலையால வந்ததும் அந்த செவத்துக்கிட்ட நின்னு சத்தமா சொல்லுவேன். அத்த வைக்கிற கருவாட்டுக் கொழம்பு எனக்கு வரவே வராதுன்னு சொல்லுவேன். அத்தைக்கு முட்டு வலி, தைலம் வாங்கிட்டு வாங்கம்பேன். மறுநாளு அத்த மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும்."

"அதுக்கு?"

"நஸீம் நானாவ வச்சிக்கிட்டு நீங்க காதக் காட்டிக் குடுத்தா, அத்த வெக்கத்துல இன்னைக்கே கடுகண்ணாவையில இருக்கிற மக வூட்டுக்கு பொட்டியக் கட்டிரும். பெறகு திரும்பி வராதுண்ணே."

இங்க ஒரு காது. அங்க ஒரு மேல்மாடி. தேத்தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சேன்.

ஹோலுக்கு வந்தேன். "என் தப்புதாம்மா. சரியா கழுவல."

நஸீம் நானா தலைய ஆட்டிக்கிட்டே போனாரு. மேல்மாடியும் அவரு பின்னாலயே போயிருச்சி.

கிருஷாந்தி ஈரத்துணியோட வந்துச்சி. "என்னா அத்த, கீர ஆஞ்சீங்களா? காதெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு." பூ மாதிரி தொடச்சி விட்டுச்சி.

"ஆமா, நான்தான் இந்த வூட்ல கீர ஆயணும். நீ ஃபோன நோண்டு," ன்னுச்சி கெழவி.

மறுபடி கழுவி, காயவச்சி, அடிச்சி முடிச்சி சாமானக் கட்டுறேன். மருமக கடைக்குப் போயிருந்துச்சி. அழகம்மா மெதுவா கிட்ட வந்துச்சி.

"தம்பி, அந்த எடத்துக்கு மட்டும், தொடச்சா கறை போற மாதிரி பெயின்ட் ஏதும் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"எனக்குக் கேக்கணும்னுதான் அவ சத்தமா பேசுறா. எனக்குத் தெரியாதா? தெரியும்னு காட்டுனா நிறுத்திருவா. நீங்களும் சொல்லிராதீங்க."

ரெண்டு பேருக்கும் தனித்தனியா சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன், ஒரு ஆளுக்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு. இப்ப ஒங்களால ரெண்டு சத்தியமும் போச்சி. ஒரு சத்தியத்துக்கு ஒரு உளுந்து வட, பாவத்தக் கழுவ ஒரு பிளேன்டீ. யாரு வாங்கித் தர்றீங்க? சீனி தூக்கலா.