பொறுமைசாலிக்கு ஒரு கேள்வி

"டீ வெச்சிருக்கேன். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"பார்த்தா தெரியலையா? ஒருத்தருக்கு உதவி பண்ணிட்டிருக்கேன். எதுவா இருந்தாலும் அப்புறம்."

மனைவி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை அவருக்கு. "பிரின்டர் ஓடலை", "பாஸ்வேர்டு மறந்துட்டேன்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இடுப்பு வலி வேறு. ஏழாவது நாளும் அதே வேலைதான், ஆனால் ஆசையாகச் செய்வார். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸுக்கு இணையத்தில் ஒரு உதவிக் குழு. முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்கள், இவர் பதில் சொல்வார். குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே பொறுமைசாலிதான். ஆபீசில் ஒருத்தரும் நன்றி சொல்வதில்லை. இங்கே கும்பிடு போடுகிறார்கள். மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

அரை மணி கழித்து ஒரு புதுக் கேள்வி வந்தது. கேட்டவர் பெயர் 'புதுமுகம்'.

"வணக்கம். என் கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி வைஃபை அடாப்டர் நேத்து வரைக்கும் வேலை செஞ்சுது. இன்னிக்கு நெட்டே வரலை. பதினோரு மணிக்கு ஒரு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. கம்ப்யூட்டர்லதான் எழுதணுமாம். பத்து வருஷம் கழிச்சு இப்பதான் வேலைக்கு முயற்சி பண்றேன். யாராவது உதவ முடியுமா?"

மணி பத்தேகால்.

குழுவில் ஒரு மேதாவி முந்திக்கொண்டான். "முதல்ல அடிப்படையைக் கத்துக்கிட்டு வாங்க."

நம்மவருக்குச் சுருக்கென்றது. "கத்துக்கத்தானே இங்க வர்றாங்க? தெரியாதவங்களை மட்டம் தட்டாதீங்க" என்று அவனை அடக்கிவிட்டு, புதுமுகத்திடம் திரும்பினார்.

"பதறாதீங்க நண்பரே. நேரம் இருக்கு. டெர்மினலைத் திறந்து நான் சொல்ற ரெண்டு கட்டளையை அடிச்சு, என்ன வருதுன்னு சொல்லுங்க."

பதில் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. "போன்ல இருந்து பார்த்துப் பார்த்து அடிக்கிறேன். தப்பு இருந்தா திட்டாதீங்க."

"நான் எதுக்குங்க திட்டப்போறேன்?"

வந்த வரிகளில் பாதி பிழை. பொறுமையாகப் படித்தார். அடாப்டர் தெரிகிறது, அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள்தான் இல்லை. ஊரில் பாதிப் பேர் வாங்குகிற மலிவு அடாப்டர் அது. அதன் டிரைவரைத் தனியாகத்தான் ஏற்றவேண்டும்.

"ராத்திரி ஏதாவது அப்டேட் ஆச்சா?"

"தெரியலை. தானா அப்டேட் ஆகிற மாதிரி வீட்ல செட் பண்ணிக் கொடுத்திருக்காங்க."

"அதான் விஷயம். லினக்ஸோட கெர்னல், அதாவது அதோட அடிப்படை நிரல், மாறிடுச்சு. பூட்டை மாத்திட்டாங்க, உங்ககிட்ட பழைய சாவி இருக்கு, அவ்வளவுதான். உங்க மேல எந்தத் தப்பும் இல்லை. செட் பண்ணிக் கொடுத்தவர்தான் இதைக் கவனிச்சிருக்கணும். அவர் வீட்ல இல்லையா?"

"இருக்கார். கேட்டா எரிஞ்சு விழுவார். எத்தனை தடவை சொல்றது, உன் மண்டையில ஏறாதான்னு கேப்பார். வாரம் பூரா உழைச்சு அசந்து போயிருக்கார், பாவம்."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விரல்கள் படபடவென்று அடித்தன.

"அசதி யாருக்குத்தான் இல்லை? வெளியில இருக்கிற எரிச்சலை வீட்டு மனுஷங்க மேல கொட்டுறவர் எல்லாம் ஒரு மனுஷரா? தெரிஞ்ச வித்தையை வீட்ல இருக்கிறவங்களுக்கே சொல்லித்தரலைன்னா அது எதுக்கு?"

பதினான்கு பேர் அதற்குக் கைதட்டல் படம் போட்டார்கள். அவருக்கு இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மணி பத்து நாற்பத்தைந்து.

"இப்ப நான் சொல்றபடி செய்யுங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க. திறக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிச்சா ஒரு பட்டியல் வரும். அதுல ரெண்டாவது வரிக்குள்ள போனா, பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்க. பழைய பூட்டுக்குப் பழைய சாவி சேர்ந்துடும்."

"பட்டியல் வரலை."

"பரவாயில்லை. இன்னொரு தடவை. திரை கறுப்பானதுமே அழுத்துங்க."

"மறுபடியும் வரலை. விட்டுடட்டுமா?"

"விடக்கூடாது. உங்களால முடியும். பத்து வருஷம் காத்திருந்தவங்க பத்து நிமிஷத்துக்குப் பயப்படலாமா?"

ஐந்து நிமிஷம். ஆறு. ஏழு. டீ ஆடை கட்டிப்போயிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

பதினோரு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, "வந்துடுச்சு!" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது.

பெருமூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கண் சொருகியது. அப்படியே தூங்கிப்போனார்.

விழித்தபோது மணி பன்னிரண்டரை. திரையில் புதுமுகத்தின் கடைசிச் செய்தி காத்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தார்.

"தேர்வு நல்லா எழுதிட்டேன். இவ்வளவு பொறுமையா எனக்கு யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை. ரொம்ப நன்றி. சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள எழுந்து வாங்க."