முப்பது கெஜத்தில் ஒரு மான்

"உஸ்! வாயை மூடுறியா? நீ முனகுறது மேல்மலையனூர் வரைக்கும் கேட்குது."

நெடுமாறன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். இளையபெருமாள் ஒரு கையால் லுங்கியையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்தபடி பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தான்.

"இடுப்பு புடிச்சுக்கிச்சு சார். நேத்து கொஞ்சம் வெயிட்டு தூக்கிட்டேன்."

"தூக்கத் தெரியலைன்னா எதுக்குடா தூக்குறே?"

இந்த ஊர் ஆட்களுக்கு எந்த வேலைதான் உருப்படியாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நெடுமாறன் வில்லைத் தோளில் மாட்டினான்.

அவனும் செஞ்சிக்காரன்தான். ஆனால் மிச்சிகன் போய் ஒன்பது வருஷம் ஆனதில், பிறந்த ஊரே இளக்காரமாகிவிட்டது. லீவில் வந்த நாலு நாளும் வாயைத் திறந்தால் குறைதான். பஸ் ஸ்டாண்டில் நாற்றம், நடுரோட்டில் மாடு, வனத்துறை ஆபீஸ் வாசலில் ரெண்டு பீடம் கட்டிவிட்டு ஒற்றைச் சிமெண்ட் மான், டீ என்ற பெயரில் பாயசம். ஒன்றையும் அவன் விட்டுவைக்கவில்லை.

அந்தப் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டேதான் டீக்கடையில் தன் பெருமையையும் அளந்தான்.

"அங்க அரசாங்கக் காட்டுல லைசென்ஸ் வாங்கி வில்லால மான் அடிக்கலாம். துப்பாக்கியால எந்த மடையனும் அடிப்பான். வில்லுக்கு முப்பது கெஜம் நெருங்கணும். காத்து நம்ம முதுகுலேருந்து அடிச்சுதுன்னா போச்சு, மோப்பம் புடிச்சு வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிட்டு ஓடிடும். பொதுக் காடு வேற. நாலு மணி நேரம் மரத்து மேல மூச்சு விடாம உக்காந்திருப்போம், எவனாவது நாயைப் புடிச்சுக்கிட்டு வந்து கெடுத்துடுவான்."

கடையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவன் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. ஏழு வருஷத்தில் அவன் வில்லுக்கு ஒரு மான்கூட விழவில்லை. வருஷா வருஷம் நவம்பர் விருந்துக்கு நண்பர்கள் மான் கறியோடு வர, இவன் கத்தரிக்காய்ப் பொரியலோடு போய் நின்றான். அங்கே அவனுக்குப் பெயரே 'கத்தரிக்காய்'.

இந்தத் தடவை செத்த மானோடு ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை என்று வில்லைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இங்கே இருப்பது புள்ளிமான். அதனாலென்ன, புள்ளியைப் போனிலேயே அழித்துவிட்டு மிச்சிகன் மான் என்று சொல்லிவிடலாம். இங்கே மானை அடித்தால் ஜெயில் என்பதும் அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் எவன் வந்து பிடிக்கப் போகிறான்?

"மான் நிக்கிற எடம் எனக்குத் தெரியும் சார்" என்று இளையபெருமாள் டீக்கடையில் தானாக வந்து ஒட்டிக்கொண்டான். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று நெடுமாறன் கேட்கவில்லை. லுங்கி கட்டியவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது பொழுது விடிகிற நேரம். பாறை உச்சிக்கு வந்ததும் இளையபெருமாள் குனிந்து விரலை நீட்டினான்.

"அதோ சார்."

கீழே இலந்தைப் புதருக்குள் தலையை விட்டபடி ஒரு மான் நின்றது. அரை வெளிச்சத்திலும் முதுகுப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. முப்பது கெஜம்கூட இருக்காது.

ஏழு வருஷ அவமானத்தை இன்றோடு தீர்த்துவிடலாம் என்று நெடுமாறன் அம்பைப் பூட்டினான். நாணை இழுத்தான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து நேராக மானை நோக்கி வீசியது. தொலைந்தது என்று நினைத்தான். மான் அசையவே இல்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊர் மனுஷனுக்கே மூக்கு வேலை செய்வதில்லை, மானுக்கு எங்கே செய்யப்போகிறது!

அம்பை விட்டான்.

'டங்' என்று ஒரு சத்தம். அது என்னவென்று அவன் யோசிப்பதற்குள் விசில் ஊதியது. புதருக்குப் பின்னாலிருந்து ரேஞ்சர் ரஞ்சனியும் இரண்டு வனக்காவலர்களும் காக்கி உடையில் எழுந்து வந்தார்கள்.

"காப்புக்காட்டுக்குள்ள வில்லு அம்போட இன்னா வேல உங்களுக்கு?" என்றாள் ரஞ்சனி.

நெடுமாறன் வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பாஸ்போர்ட், விசா, வேலை எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து போயின.

"சும்மா பிராக்டிஸ் மேடம்! அந்த மரத்தைத்தான் குறி வெச்சேன். மானை நான் அடிக்கலை."

"அடிக்கலையா?"

"சத்தியமா மேடம். வேணும்னா இவனைக் கேளுங்க, பக்கத்துலயே இருந்தான்." இளையபெருமாள் தோளை அவன் பிடித்து உலுக்கினான். காலையிலிருந்து இல்லாத மரியாதை திடீரென்று குரலில் வந்து சேர்ந்தது. "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே! இந்தக் காட்டு மான் எதையும் நான் அடிக்கலைன்னு சொல்லுங்க!"

இளையபெருமாள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே ரேஞ்சருக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

"நெசந்தான் மேடம், நேத்து நாம இடுப்பொடிய தூக்கினு வந்து வெச்ச நம்ம ஆபீஸ் வாசல் மானைத்தான் அடிச்சாரு."