இடிக்கு வைத்த இரும்பு

2024 ஓகஸ்ட் 21, புதன்கிழமை. கொழும்பிலிருந்து ரொறன்ரோ போகவிருந்தவர்களில் ஒருவர் விமானத்தில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை அவர் கொக்குவிலில் றஜிதாவின் வீட்டுக் கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். குருநகர் யாகோப்பு, அறுபத்திரண்டு வயது. அவள் முட்டை வைத்துக் கட்டிக்கொடுத்த அட்டைப்பெட்டி கையில் இருந்தது.

அவருடைய தம்பி கனிசியஸ் வியாழக்கிழமை ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் இறந்துபோனதும், பெட்டிச் சோதனையில் இவர் விமானத்தைத் தவறவிட்டதும் அவளுக்கு முன்னமே தெரிந்துவிட்டன. மாமரத்தின் கீழ் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அடுத்த பிளேன் ஞாயிறு எண்டாங்கள்," என்றார். "அவன்ரை முகத்தைப் பார்க்கத்தான் வெளிக்கிட்டனான், சவப்பெட்டியைப் பார்க்க இல்லை. பஸ் ஏறீட்டன்."

கோழிகள் ஆறும் அவருடைய காலடியில் கிளறின. சாம்பல் நிறம், கழுத்தில் இறகில்லை. தொண்ணூற்றைந்துச் சண்டையில் எல்லோரும் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடமொன்றில் இருந்தபோது, பக்கத்து வகுப்பறையிலிருந்த கனிசியஸ் றஜிதாவின் தாய்க்கு ஒரு சோடி கொடுத்தார். அதன் வழிவந்தவை இவை. குருநகரில் யாகோப்பு வளர்த்தவை ஒரு தொற்று வருத்தத்தில் அழிந்துவிட்டன. அவரிடம் இப்போது இருப்பது கலப்பினம்.

"என்ரை வீட்டிலை நிக்கிறதுகளுக்கு மாசம் ஒரு ஊசி. உதுகளுக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. மழைக்கும் கூட்டுக்குள்ளை போகாதுகள்."

"அவனும் உப்பிடித்தான். பனிக்கை தொப்பி போடான்."

யாகோப்பு கதிரையில் இருந்தபடியே காலை நீட்டினார்.

"இடையிலை மாறி ஏறினாப் பிறகு பதினாலு மணித்தியாலமாம் பிள்ளை, ஒரே கதிரையிலை. அடைக்கோழியும் நாளுக்கொருக்கா எழும்பித் தண்ணி குடிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"அங்கை முட்டையைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு மகன் சொன்னவன். அவிச்ச முட்டை எண்டு சொல்லுவம் எண்டிருந்தனான்."

அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சோதனை இயந்திரத்தில் பெட்டிக்குள் கத்தி தெரிந்தது. வைக்கோலுக்குள், கரித்துண்டுக்கும் செத்தல் மிளகாய்க்கும் பக்கத்தில், ஓலை கிழிக்கிற சத்தகம் ஒன்றின் உடைந்த அலகு.

பார்த்ததும் அவருக்கு விளங்கியது. அடைக்கு வைக்கும் முட்டையோடு இரும்பும் கரியும் மிளகாயும் வைப்பார்கள். இடி முழங்கினால் உள்ளே குஞ்சு கலங்காமல் இரும்பு காக்கும்.

எதற்குக் கத்தி என்று சிங்களத்தில் கேட்டார்கள், பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்கள். யாகோப்பு மேலே வானத்தைக் காட்டினார். இரண்டு கைகளையும் விரித்து, இடி எப்படி முழங்கும் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினார்.

தனியறைக்குக் கொண்டுபோனார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து இடியை விளங்கப்படுத்தி முடித்தபோது விமானத்தின் கதவு மூடியிருந்தது.

"அண்ணை, நான் அதை உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்."

"விடு பிள்ளை. நானெண்டாலும் வைச்சிருப்பன். மேகத்துக்குள்ளாலை போற முட்டையெல்லோ."

வியாழக்கிழமையிலிருந்து அவள் அவருடைய ஏச்சை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சொல்லப் பதிலும் வைத்திருந்தாள்.

யாகோப்பு வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"சேவலைக் காணேல்லை?"

"பின்வளவிலை நிக்கும்."

முட்டை எடுக்க வந்த அன்றும் அவர் அதையே கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டில் ஒன்றும் உடையவில்லை.

"அடைக்கு வை. ஒண்டு பொரிச்சாலும் காணும், அவன் தந்த வழி நிக்கும்."

குசினி மூலையில் ஒரு கோழி அடையில் இருந்தது. யாகோப்பு குந்தியிருந்து ஒவ்வொரு முட்டையாக உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக் கொடுத்தார். றஜிதா வாங்கி வாங்கிக் கோழியின் கீழ் வைத்தாள். கடைசி முட்டைக்குச் சிலுவை அடையாளம் போட்டார்.

"சத்தகத்தை அவங்கள் எடுத்திட்டாங்கள். வேறை இரும்பு கிடக்கோ?"

அவள் உள்ளே போய்ப் பழைய பூட்டொன்றை எடுத்துவந்து முட்டைகளின் நடுவே வைத்தாள். அவர் அதைக் கொஞ்சம் நகர்த்தி, வைக்கோலால் மூடினார்.

"அண்ணை," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தார். சீனி கூட என்றார். போனார்.

யூன் மாதம் லண்டனிலிருந்து றஜிதாவின் மச்சாள் குடும்பம் வந்திருந்தது. பதினொரு மணித்தியாலம் பறந்து வந்த பிள்ளைகள் ஊர்க்கோழிக் கறி கேட்டார்கள். சேவலை அன்றைக்கே உரித்தார்கள். அந்த வழியில் வேறு சேவல் இல்லை. மதில் உயரம் என்பதால் அயலில் உள்ளவையும் உள்ளே வருவதில்லை.

ஓகஸ்டில் யாகோப்பு வந்து, தம்பி குஞ்சு பொரிக்கிற மெசினும் வாங்கி வைத்திருக்கிறான், அடைக்கு வைக்கிற முட்டை வேணும் என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கனிசியஸுக்கு இரண்டு கிழமைக்கு மேல் இல்லை என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். முட்டை பொரிக்க இருபத்தொரு நாள் வேண்டும். அந்தத் துணிவில்தான் கொடுத்தாள்.

இடிக்குக் கலங்க அந்த முட்டைகளுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. யாகோப்பு கோழி வளர்க்கிறவர், வழியில் பெட்டியைத் திறந்தாலும் சந்தேகப்படக்கூடாது என்றே இரும்பை வைத்தாள்.

செப்டம்பர் 14ஆம் திகதி கோழி தானாக எழும்பிப் போனது. முட்டைகள் பொரிக்கவில்லை. பஸ்ஸில் குலுங்கியிருக்கும் என்று யாகோப்பு போனில் சொன்னார்.

றஜிதா ஓம் என்றாள்.