தானாக விலகியவர்

"நீங்களாவே வேலையை விட்டுட்டதா கம்பெனி எழுதியிருக்கே, மிஸ்டர் ப்ரூயிட்."

தொலைபேசியில் பேசியவர் வேலையின்மை உதவித்தொகை அலுவலகத்து அதிகாரி லொரேனா. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரே இசையைக் கேட்டுக் காத்திருந்து பிடித்த குரல் என்பதால், டுவேன் ப்ரூயிட் கோபத்தை விழுங்கிக்கொண்டான்.

"நானா விட்டேன்? ரெண்டு காவலாளிங்க என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க மேடம். பத்தொன்பது வருஷத்துல கம்பெனி எனக்காக நடத்தின ஒரே ஊர்வலம் அதுதான்."

லொரேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், டுவேனுக்கு மனப்பாடமான விதியையே நிதானமாக விளக்கினார். ஆட்குறைப்பில் போனவருக்குத்தான் வாராவாரம் உதவித்தொகை. தானாக விலகியவருக்குக் கிடையாது. கம்பெனி மறுத்தால் விசாரணை. அதுதான் இப்போது நடக்கிறது.

இரண்டு மாதமாக, பள்ளி உணவுக்கூடத்தில் மனைவி கெயில் வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் குளிருக்கு வீட்டுக்குள்ளேயே கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். இந்தத் தொகையும் வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்படியிருந்தும், நீண்டகால உழைப்புக்காகக் கம்பெனி கொடுத்த கோப்பையில்தான் டுவேன் இன்னமும் காபி குடிக்கிறான். அதை நினைத்ததும் அவன்மேல் அவனுக்கே எரிச்சல் வந்தது.

"நான் எப்பேர்ப்பட்ட மடையன் தெரியுமா மேடம்? கடைசி நாள் காலையிலகூட மூணு மாச வேலையை முன்கூட்டியே முடிச்சு வெச்சேன். சாயங்காலம் என் சாமானை அட்டைப் பெட்டியில போட்டுக் கையில குடுத்துட்டாங்க."

"கடிதம் அப்படிச் சொல்லலையே."

"அப்போ அதுல கையெழுத்துப் போட்டவன் பொய் சொல்றான். யார் அவன்? கூட வேலை செஞ்சவன் சோத்துல மண்ணைப் போட்ட அந்தப் பாவி யாருன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"டுவேன் ப்ரூயிட், பணியாளர் பிரிவு மேலாளர்னு போட்டிருக்கு."

யார் உதவித்தொகை கேட்டாலும் குமாஸ்தாக்கள் பெயரை மட்டும் நிரப்பி அனுப்பட்டும் என்று, அந்தக் கடைசி நாள் காலையில்தான் அவன் 'தானாகவே விலகினார்' என்று அச்சடித்த நூறு மறுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டு மேசைக்குள் வைத்திருந்தான்.

"மேடம்," என்றான் மெதுவாக. "அந்த ஆள் எல்லாரைப் பத்தியும் அப்படித்தான் எழுதுவான். அதுக்கு நானே சாட்சி."