வாரா வாரம் பேசியவள்

இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து சீட்டில் இருந்த ரெஜினாவோடு பூங்கோதை பேசிப் பல வருடங்களாகிவிட்டன. வேலை போன பிறகுதான் அவள் நினைப்பே வந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டு, சிபாரிசு கேட்டாள்.

"இதுக்கு ஏன்டி இழுக்குற? வாரா வாரம் பேசுறவதானே! இன்னிக்கே எங்க மேனேஜர்கிட்ட சொல்றேன்."

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் குரலில் சிநேகிதிகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்படி என்றைக்கோ ஒரு ஏஐ செயலியிடம் சொல்லிவிட்டு, அதை மறந்தே போயிருந்தாள். பேச்சை மாற்ற, இன்டர்ன்ஷிப் நாட்களில் இருவருக்கும் சேர்த்து மீன் குழம்பு கொடுத்தனுப்பிய ரெஜினாவின் அம்மாவை விசாரித்தாள்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

ரெஜினாவின் குரல் சட்டென்று மாறியது.

"அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு போன்ல என்கூட சேர்ந்து அழுதது யாருடி?"