இரட்டை வால் பல்லி

சமையலறைச் சுவரில் இரண்டு வால் முளைத்த பல்லியைப் பார்த்ததும் ஷர்மிளா அதைப் படமெடுத்து, "இப்படி யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று ஃபேஸ்புக்கில் போட்டாள். பத்து நிமிடத்தில் கமெண்டுகள் குவிந்தன. வில்லனுக்கு டபுள் ரோல் என்றார் ஒருவர். அறுந்த வால் சில சமயம் இப்படி இரண்டாக வளரும் என்று விளக்கினார் ஒரு விலங்கியல் ஆசிரியர். சிரித்துக்கொண்டே படித்து வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். "நேத்து இது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடில்ல இருந்துச்சு?" முகமில்லாத, அன்றுதான் தொடங்கிய கணக்கு. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு விருந்தாளிகூட வந்ததில்லை. அலுவலகத்திலிருந்த கணவனை ஃபோனில் அழைத்தாள். "எவனோ கலாய்க்கிறான். பிளாக் பண்ணிட்டு வேலையப் பாரு," என்றான் அவன். அவள் பிளாக் செய்யவில்லை. "நீங்க யாரு?" என்று எழுதினாள். பார்த்தே விடுவோம் என்று ஃப்ரிட்ஜைப் பிடித்து இழுத்தாள். மேடைமேல் ஃபோன் ஒலித்தது; அதே கணக்கிலிருந்து பதில். "தனியா இழுக்காதீங்க. பாப்பா பின்னாடி நிக்குது." ஷர்மிளா திரும்பினாள். கூடத்தில் பொம்மைகளோடு விட்டுவந்த மகள் ஆதிரை சமையலறைக்குள் அவள் பின்னால்தான் நின்றிருந்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, பரணைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். ஷர்மிளா மேலே பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா கண்ணு, கடைக்குப் போயிட்டு வரலாம்," என்று வழக்கமான குரலில் சொன்னாள். வாசற்கதவு பதினைந்தடி தூரத்தில் இருந்தது. ஓடாமல் நடந்தாள்.